வீட்டுக் கணினிக்கு யு.பி.எஸ். தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபட்டுச் சிதைந்துபோகலாம். மின்சாரம் நின்றதும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யு.பி.எஸ்., மணிக்கணக்கில் வேலை செய்வதற்கான கருவி அன்று. கோப்புகளைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதே அதன் பணி.

வாங்குவதற்கு முன், சுவரிலுள்ள பிளக் பாயின்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாவிட்டால், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது காக்கும் சர்ஜ் புரொடெக்டர் முழுப் பாதுகாப்புத் தராது. கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கவும் கூடும்.

அடுத்தது அளவு, பலரும் தவறுவது இங்கேதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்க்காமல், கருவி உண்மையில் தாங்கும் சுமையைச் சொல்லும் வாட் எண்ணைத் தேடிப் பாருங்கள். 600 வி.ஏ. என்று விற்கப்படும் கருவி பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும். கணினி 200 வாட், மானிட்டர் 30 வாட் எடுத்துக்கொண்டால் மொத்தம் 230. அதனுடன் கால் பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 290 வாட் ஆகிறது என்பதால், இந்தக் கருவி போதும். கணினியின் பவர் சப்ளையில் எழுதியிருக்கும் 450 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே.

மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் வீடுகளுக்கு லைன் இன்டராக்டிவ் வகையையே நான் பரிந்துரைப்பேன். சாதாரண வகை ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் பேட்டரிக்கு மாறி அதைத் தேய்த்துவிடும். லைன் இன்டராக்டிவ் வகையோ ஓர் எல்லைவரை, பேட்டரியைத் தொடாமலேயே மின்னழுத்தத்தைச் சீர்செய்துவிடும்.

கையேட்டில் சொல்லியபடி முழுமையாகச் சார்ஜ் செய்தபின், கணினி, மானிட்டர், ரவுட்டர் மூன்றையும் பேட்டரி வசதியுள்ள துளைகளில் செருகுங்கள். லேசர் பிரின்டரை அதில் செருகவே கூடாது, ஏனெனில் அதனுள் இருக்கும் சூடேற்றும் பகுதி திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். யு.எஸ்.பி. கேபிள் இருந்தால் கணினியுடன் இணைத்து, பேட்டரி தீரும் தறுவாயில் கணினி தானாக ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பவற்றைச் சேமித்துவிட்டு அணையும்படி) அமைத்துவிடுங்கள்.

பிறகு, திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்துச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பும் அறுந்துவிடும். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்து வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டு வந்தால், பேட்டரி தளர்வது முன்கூட்டியே தெரியும். ஈய அமிலப் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும், வெப்பமான இடத்தில் அதைவிடக் குறைவு.

இடி மின்னலின்போது மட்டும் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். மின்னல் நெருங்குவதற்கு முன்பே கணினியை நிறுத்தி, பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றி வையுங்கள்.