நார்வே நாட்டுப்புறக் கலைப் பயிலரங்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்து ரௌலன்ட், மேற்குப் பகுதியின் வோஸ் போன்ற ஊர்களில் நடக்கும் பயிலரங்குகளுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பிடில் வகுப்புக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டு ஆட்ட வகுப்பை விட்டுவிடுவது. "எனக்கு ஆட வராது, வாசித்தால் போதும்" என்பார்கள். ஆனால் அந்த இசையின் தாளம் ஆடுகிறவர்களின் முழங்காலில்தான் இருக்கிறது.

டெலிமார்க்கின் ஸ்பிரிங்கார் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அடித் தாளம்தான், ஆனால் மூன்றும் சமமாக வராது. முதலடி நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறுகல். வால்ட்ரெஸ் என்ற வட்டாரத்துப் பக்கம் போனால் முதலடி குறுகிவிடும், இரண்டாவது நீளும். இதைச் சமமான மூன்றடி வால்ட்ஸ் ஆட்டம் மாதிரி எண்ணி, மெட்ரோனோம் என்ற தாளக்கருவி வைத்துப் பழகினால் சுரமெல்லாம் சரியாக இருக்கும், ஆடுகிறவர்களுக்குக் கால்தான் எழாது. வில்லின் இழுப்பும் பல இடங்களில் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்குத் தாண்டி ஓடுவதால், காதால் மட்டும் அடியைப் பிடிப்பது கடினம். வாசிப்பவரின் பாதத்தைப் பாருங்கள்; தரையில் தட்டிக்கொண்டேதான் வாசிப்பார். முதலில் ஆட்ட வகுப்பில் நின்று, உடம்பு அமிழ்ந்து எழும் அசைவு பிடிபட்ட பிறகு வில்லை எடுப்பது நல்லது.

ஆட்டத்திலும் ஓர் அவசரம் உண்டு. ஹாலிங் ஆட்டத்தில் கம்பு நுனியில் தொங்கும் தொப்பியை எகிறி உதைப்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதையே செய்யத் தோன்றும். குந்தி எழும் பயிற்சி இல்லாமல் எகிறினால் முட்டிதான் போகும்.

இந்த ஆட்டங்களுக்கு வாசிக்கும் ஹார்டாங்கர் பிடிலில் வில் படும் தந்திகள் நான்கு. அவற்றுக்குக் கீழே தானாக அதிரும் தந்திகள் நான்கோ ஐந்தோ. மெட்டுக்கு ஏற்றபடி சுருதி மாறும், இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டு. புதியவர்கள் மேல்தந்திகளை மட்டும் மாற்றிவிட்டு, கீழ்த்தந்திகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "வாத்தியம் ஒலிக்கவில்லை" என்று குறைப்படுவார்கள். வில்லை அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம். தந்திகளைத் தாங்கும் பாலம் தட்டையாக இருப்பதால் லேசாக இழுத்தாலே இரண்டு தந்திகள் சேர்ந்து பேசும்.

சுரம் எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பதையும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். இந்த மெட்டுகள் நம் பாடாந்தரம் போலக் கேட்டுக் கேட்டு வந்தவை. மில்லர்குட்டன் என்று புகழ்பெற்ற தோர்கெய்ர் ஆவ்குன்சனின் (1801–1872) வழி வந்த மெட்டுகளை இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாசிக்கிறார்கள். ஆசிரியரிடம் "இது யார் வழி?" என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் பாதி விஷயம் போய்விடும்.

கைவேலையிலும் ஊர் முக்கியம். ரோஸ்மாலிங் எனும் பூவேலை ஓவியத்தில் டெலிமார்க் பாணிக் கொடி ஓர் அடியிலிருந்து கிளம்பி ஒருபக்கமாக வளைந்தோடும்; ஹாலிங்டால் பாணி நடுப்பூவைச் சுற்றி இருபுறமும் ஒத்து நிற்கும். ஒரே தட்டில் இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

1857இல் மாரித் குல்ட்செத்புருவா என்ற இளம்பெண் தொடங்கிவைத்த, செல்பு என்ற ஊரின் கையுறைப் பின்னலில், தவறு உள்பக்கம்தான் தெரியும். கறுப்பு, வெள்ளை நூல்களில் சும்மா இருக்கும் நூல் பின்னால் தளர்வாக ஓட வேண்டும். இறுக்கினால் கையுறையில் பின்னும் எட்டிதழ்ப் பூ வடிவம் சுருங்கி, கை உள்ளே நுழையாது. விரலில் இரு நூல்களின் இடத்தையும் நடுவில் மாற்றாதீர்கள், பூ மங்கிவிடும்.

கடைசியாக, மரப்பட்டைக் குழல். விரல் துளையே இல்லாத இந்தக் குழலில், நுனியைத் திறந்தும் மூடியும் ஊதும் வேகத்தை மாற்றியும் சுரம் வரவழைப்பார்கள். மரத்தில் நீர் ஏறும் வசந்த காலத்தில்தான் பட்டை முழுசாகக் கழன்று வரும். இலையுதிர் காலத்துப் பயிலரங்குக்குப் பெயர் கொடுத்தால் பிளாஸ்டிக் குழாயில் செய்ய வேண்டியிருக்கலாம். பணம் கட்டும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.