எம்ஜிபி காரில் ஆயில் அளவு பார்ப்பதும் ஒழுக்கைக் கண்டுபிடிப்பதும்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபியில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். அதன் அடியில் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்ததும் "பின் சீல் போச்சு" (இன்ஜினின் பின்முனையில் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு. அந்த சீலை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகுமுன் பார்க்க வேண்டியவை பல.

முதலில் அளவு. வண்டி சமதரையில் நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பதே நல்லது. ஓட்டி வந்திருந்தால் 10 நிமிடமாவது பொறுங்கள். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி எடுங்கள். இரு பக்கமும் வேறுவேறு உயரம் காட்டினால் குறைந்ததே சரி. மற்றது குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய். குறைந்திருந்தால் 20டபிள்யூ-50 ஆயிலை 250 மில்லி ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஊற்றாமலே அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. பால் காபி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டிலும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒழுக்கைத் தேட இன்ஜினை டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் கீழே இறங்கும், விசிறிக் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருப்பதைத் தேடுங்கள்.

இன்ஜின் உச்சியை மூடும் ராக்கர் கவரின் கார்க் கேஸ்கெட்தான் (இணைப்பில் வைக்கும் தக்கை அடைப்பு) முதல் சந்தேகம். கவரை இரண்டே நட்டுகள் பிடிக்கின்றன. 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். இறுக்க இறுக்கத் தகடு வளைந்து கசிவு கூடும். அடுத்து, இன்ஜினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டு குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும் டேப்பெட் கவர்கள் என்ற மூடிகள் இரண்டு. அங்கிருந்து வழிவது பின்னால் ஓடி, பின் சீல் ஒழுக்கு போலவே தெரியும். இன்ஜினின் முன்பக்கத்து டைமிங் கவர், ஆயில் கூலர் ஹோஸ், பிரஷர் கேஜுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஆகியவற்றையும் தொட்டுப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன ஹோஸ் வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு ஒழுகினால், தொங்கும் கேனிஸ்டர் (ஃபில்டர் வைக்கும் உலோகக் குவளை) உள்ள பழைய மாடல்களில் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதிப் பள்ளத்தில் கறுத்து ஒட்டியிருக்கும், பள்ளத்தின் அடி போலவே தெரியும். அதன்மேல் புது வளையம் வைத்தால் உட்காராது. ஊசியால் கிளறி எடுங்கள்.

பல இடங்களில் ஒரே சமயம் கசிந்தால், இன்ஜின் உள்ளேயுள்ள ஆவி வெளியேறும் வழியான பிரீதரைப் பாருங்கள். அடைப்பு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கெட்டையும் மீறி எண்ணெய் வரும்.

இவை எல்லாம் உலர்ந்திருந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் தொங்கும் ஸ்பிளிட் பின் (பிளவுக் கம்பி) வழியாக மட்டும் சொட்டினால் கியர்பாக்ஸ் அளவையும் பாருங்கள். அதற்கும் இன்ஜின் ஆயிலே ஊற்றுவதால் நிறமும் வாடையும் உதவாது. எதில் அளவு குறைகிறதோ அதில்தான் ஒழுக்கு. கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று பேரிங்குகள் தாங்கும், 1964 வரையிலான இன்ஜினில் பின் சீலே கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பும் சுருள் பள்ளம்தான். நிறுத்தியதும் அதில் ஓரிரு சொட்டு விழுவது பழுதல்ல.