காடைக் கருவின் கண்ணில் மைக்ரோக்ளியாவைப் பார்ப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து விலங்கியல் படிக்க வருகிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நோய் வந்தால் சண்டைக்குப் போகிறவை என்றுதான் எதிர்ப்புச் செல்களைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் கிருமியும் காயமும் இல்லாத முட்டைக்குள்ளேயே மைக்ரோக்ளியா (மூளையிலும் விழித்திரையிலும் இருக்கும் எதிர்ப்புச் செல்) கண்ணுக்குள் நுழைந்து வேலையில் இறங்கிவிடுகிறது, அதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஏன் காடை? பறவைகளின் விழித்திரைக்குள் ரத்தக்குழாயே கிடையாது. கியூஹெச்1 என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட செல்லைத் தேடி ஒட்டும் புரதம், ஒளிரும் சாயத்தோடு சேர்த்துப் பார்ப்போம்) காடையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ரத்த வழிச் செல்களிலும் ஒட்டும். குழாய் இல்லாத விழித்திரையில் ஒளிர்வதெல்லாம் அநேகமாக மைக்ரோக்ளியாதான். கோழிக்கருவில் இது ஒட்டாது, மலிவாகக் கிடைக்கிறதே என்று கோழி முட்டைக்குப் போகாதீர்கள்.

கடைக் காடை முட்டை உதவாது, பெரும்பாலும் கருக்கூடாதது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிற முட்டையைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் பையில் கிடக்கும்போதே கரு வளரத் தொடங்கிவிடும், அப்புறம் நீங்கள் எண்ணுகிற நாளும் கருவின் வயதும் ஒத்துவராது. அதனால் விடியற்காலையிலேயே தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவந்து, குளிர்ச்சியான இடத்தில் சில மணி நேரம் ஓய்வாக வைத்துவிட்டு இன்குபேட்டரில் ஏற்றுங்கள்: 37.5 டிகிரி, 60 சதவீதம் ஈரப்பதம், தினமும் சில முறை திருப்பல். கரன்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் வேண்டும். கல்லூரி அனுமதியை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

8, 12, 15ஆம் நாள் கருக்கள் போதும். கண்ணை எடுத்து 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்துங்கள் (கையுறையோடு, ஃப்யூம் ஹுட்டுக்குள்). லென்ஸை நீக்கிவிட்டு, கறுப்பு நிறமி அடுக்கிலிருந்து விழித்திரையைப் பிரித்து, ஓரத்தில் நான்கு வெட்டுப் போட்டால் பூவிதழ் மாதிரி விரிந்து படுக்கும். இதில் ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. கண்ணுக்குள் இருக்கும் கூழைச் சாமணத்தால் பிடித்து இழுத்தால் நீங்கள் தேடுகிற செல்களும் சேர்ந்து வந்துவிடும், ஏனென்றால் நகர்கிற மைக்ரோக்ளியா அந்தக் கூழை ஒட்டிய மேற்பரப்பில், விழித்திரையைத் தாங்கி நிற்கும் மியூல்லர் செல்களின் பாதங்கள் மேலேயே ஊர்கிறது. மெல்லிய பிரஷ்ஷால் பஃபருக்குள் வைத்தே வருடி வருடி எடுங்கள்.

அப்புறம் ஆன்டிபாடி போட்டு, கூடவே டாபியும் (செல்லின் உட்கருவை ஒளிரவைக்கும் சாயம்) போட்டு, ஃப்ளூரசென்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். முதலில் நடுவில், பார்வை நரம்பு வெளியேறுகிற இடத்தில், பெக்டன் என்ற சீப்புப் போன்ற உறுப்பின் அடியில் பாருங்கள். காடையில் மைக்ரோக்ளியா உள்ளே வரத் தொடங்குவது சுமார் 7ஆம் நாள், அதனால் 8ஆம் நாளில் கூட்டம் இங்கேதான், ஓரம் காலி. 12ஆம் நாள் வெகுதூரம் பரவியிருக்கும். நீட்டி விரித்த முனையோடு நகர்கிற செல்லும், கிளை விட்டு ஓரிடத்தில் தங்கிய செல்லும் வேறுவேறாகத் தெரியும். ஃபோகஸை மெல்ல இறக்கினால் உள் அடுக்குகளுக்குள் இறங்கியவையும் கிடைக்கும்.

டாபியில் சுருங்கி, பளிச்சென்று ஒளிர்கிற உட்கருக்கள் செத்துக்கொண்டிருக்கும் நரம்புச் செல்கள். விழித்திரை வேண்டியதைவிட அதிகமாகச் செல்களைப் படைத்து மிச்சத்தை அழிக்கிறது, அந்தக் குப்பையை விழுங்குவது மைக்ரோக்ளியா. அது விழுங்க மட்டும்தான் வருகிறதா? 1998ல் ஃப்ராதே, பார்தே என்ற ஆய்வாளர்கள் கோழிக்கருவில் செய்த சோதனையில், மைக்ரோக்ளியா நுழையும் முன்பே கண்ணைத் தனியே எடுத்து வளர்த்தபோது செல் சாவு குறைந்தது, மைக்ரோக்ளியாவைத் திரும்பச் சேர்த்ததும் கூடியது, அது சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுத்ததும் அடங்கியது. அதாவது சில செல்களை அதுவே சாகவைக்கிறது.

உங்கள் படத்தில் செத்த செல்லும் மைக்ரோக்ளியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் "கொன்றது" என்று எழுதிவிடாதீர்கள், பதப்படுத்திய திசுவில் எது முன்னால் நடந்தது என்று தெரியாது. "அருகில் இருந்தது" என்றே எழுதி, நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவு சதுரங்களில் இரண்டையும் எண்ணி, நாள்வாரியாகப் பட்டியலிடுங்கள்.