புளியங்கொட்டையில் அரை ஆயுட்காலம்: வகுப்பில் சறுக்கும் இடங்கள்

எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பதை, அதாவது அரை ஆயுட்காலத்தை, துல்லியமாகச் சொல்லிவிடலாம். கதிரியக்கப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். சூத்திரத்தை எப்படியும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தாயம் விளையாட உரசுவதுபோல ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசிய புளியங்கொட்டைகள் இருந்தால் இதைக் கையால் செய்தே பார்க்கலாம். குலுக்கிப் போட வேண்டும். வெள்ளை மேலே விழுந்தவை சிதைந்த அணுக்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணி மறுபடி போட வேண்டும். எளிதுதான், கெடுப்பதும் எளிது.

குழுவுக்குப் பத்துக் கொட்டை கொடுப்பது வழக்கமான தவறு. ஐந்து விழ வேண்டிய இடத்தில் மூன்றோ ஏழோ விழும். விதி இருப்பதே தெரியாது. குழுவுக்கு 50, ஆறு குழுக்களின் கணக்கையும் கூட்டினால் 300. அப்போது 150-ஐச் சுற்றி ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 9 மட்டுமே, அதாவது 6 சதவீதம்.

ஆனால் கூட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு குழுவும் தன் கொட்டையைத் தானே உரசினால், ஆழமாக உரசியது ஒரு மாதிரி விழும், லேசாக உரசியது வேறு மாதிரி விழும். தனித்தனி வேகத்தில் சிதையும் ஆறு வெவ்வேறு ஐசோடோப்புகளை, அதாவது அணு வகைகளை, கலந்து வரைபடம் போட்டதுபோல ஆகிவிடும். 300-ஐயும் ஒரே பையில் கொட்டிக் கலந்த பிறகு பிரித்துக் கொடுங்கள். வெள்ளை விழும் வாய்ப்பு சரிபாதி என்றும் நம்ப வேண்டாம். முதலில் 50 கொட்டைகளை, எதையும் ஒதுக்காமல், நான்கு முறை போட்டு 200-க்கு எத்தனை வெள்ளை என்று பாருங்கள். 80 வந்தால் அரை ஆயுட்காலம் ஒரு வீச்சு (ஒருமுறை குலுக்கிப் போடுவது) அல்ல, சுமார் 1.36 வீச்சு. அப்படியும் சரியாக உரசாத கொட்டைகள் கடைசிவரை தங்கி, வளைவின் வாலை நீட்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால் ஒரே வகை நாணயம் போதும்.

"ஒவ்வொரு தடவையும் பாதியாகும்" என்று கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிட்டால் அட்டவணையில் 50, 25, 12, 6, 3 என்று அழகாக வரும். அவ்வளவு அழகு இயற்கையில் வராது. பிள்ளைகள் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். முதலில் கணிப்பைப் பேனாவால் எழுத வையுங்கள். இதற்குப் பகடை இன்னும் நல்லது: ஆறு விழுந்தால் சிதைவு, 100 பகடை பாதியாக எத்தனை வீச்சு ஆகும்? பலர் மூன்று என்பார்கள், ஆறில் பாதி மூன்று என்று. உண்மையில் சராசரியாக 83, 69, 58, 48 என்று இறங்கும். மூன்றாவது வீச்சில் இன்னும் 58 மிச்சம். ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கு கழிவது மிச்சத்திலிருந்துதான், முதலிலிருந்த நூறிலிருந்து அல்ல.

குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்: குலுக்குபவர், எண்ணுபவர், எழுதுபவர், வரைபடத்தில் புள்ளி வைப்பவர். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். வெள்ளையும் மிச்சமும் சேர்ந்து முந்தைய எண்ணிக்கைக்குச் சமமா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் போட்டால் பெஞ்சுக்கு அடியில் தேடும் நேரம் மிச்சம். புள்ளிகளை அளவுகோலால் இணைக்காமல், நடுவே வழுவழுப்பான வளைவாக வரையச் சொல்லுங்கள்.

45 நிமிட வகுப்பில் ஆறு வீச்சோடு நிறுத்திவிடுங்கள். கடைசி 15 நிமிடம் பேச்சுக்கு. ஒதுக்கிய கொட்டைகளைக் குப்பையில் போட்டால் அணு மறைந்துபோகிறது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். 'சேய்' என்று எழுதிய இன்னொரு பெட்டியில் போடட்டும். சிதைந்த அணு வேறு அணுவாக, அதாவது சேய் அணுவாக, மாறுகிறது, கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவதுபோல. பிறகு கேளுங்கள்: ஐந்து முறை தப்பிய அணுவுக்கு ஆறாவது முறை சிதையும் வாய்ப்பு கூடுமா? கூடாது, அணுவுக்கு வயதாவதில்லை. தப்பிய கொட்டை சரியாக உரசாததாக இருக்கலாம், ஆனால் ஒரே ஐசோடோப்பின் அணுக்களுக்குள் அந்த வேறுபாடு கிடையாது. கொட்டை அணுவுக்கு ஒப்பாகாத அந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

முடிவில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு கணக்கு எழுதட்டும்: அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாள், 80 கிராமில் 24 நாள் கழித்து எவ்வளவு இருக்கும்? விடை 10 கிராம். 16 நாளிலேயே தீர்ந்துவிடும் என்று எழுதியவர்களிடம் மறுநாள் 50 நாணயங்களைக் கொடுத்து, இரண்டே முறை போட்டு மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள்.