எம்ஜிபியில் வி8: சோக் கேபிள் சொன்ன சேதி

என் 1972 எம்ஜிபி ஜிடியில் (பிரிட்டனின் எம்ஜி கம்பெனி செய்த ஸ்போர்ட்ஸ் கார்) இருந்த 1798 சிசி நாலு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8-ஐ, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினை, ஏற்றினேன். 1973 முதல் 1976 வரை எம்ஜியே இதே ஜோடியை விற்றதால் புதுமை ஒன்றுமில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் பிராக்கெட்டுகளை மட்டும் நானே தகடு வெட்டி வெல்ட் செய்து, அழகாக இருக்கட்டும் என்று பவுடர் கோட்டிங் (பொடியைச் சுட்டு ஒட்டும் பெயிண்ட்) கொடுத்தேன். வினையே அதில்தான்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றும், பிடிக்காது. புது பேட்டரி போட்டேன். ஸ்டார்ட்டரைப் பிரித்து கார்பன் பிரஷ் மாற்றினேன். டைமிங்கோ என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நாலாம் நாள் சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் குமிழ், கேபிளால் எஞ்சினோடு இணைந்தது) உள்ளே தள்ளக் கை வைத்தால் குமிழ் சுட்டது. எஞ்சின்தான் ஓடவே இல்லையே, அப்புறம் சூடு எங்கிருந்து வரும்? மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு நண்பரைச் சாவி திருப்பச் சொன்னேன். 3.8 வோல்ட்! அரை வோல்ட்டே அதிகம். எஞ்சினிலிருந்து பாடிக்கு மின்சாரம் திரும்பும் எர்த் பட்டையைப் பிராக்கெட்டின் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் மேலேயே முடுக்கியிருக்கிறேன், மவுண்ட்டோ ரப்பர், ஆக ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம் பாடிக்குத் திரும்ப அந்த மெல்லிய சோக் கேபிளைத்தான் வழியாகப் பிடித்திருக்கிறது.

பட்டையைக் கழற்றி, கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங் போல்ட்டுக்கும் சேஸிக்கும் நேராகப் போட்டேன், இரண்டு பக்கமும் உலோகம் பளபளக்கச் சுரண்டி. இப்போது 0.2 வோல்ட். முதல் திருப்பிலேயே பிடித்தது. சோக் கேபிளின் மேலுறை உருகியிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன்.