பனிக்கடலில் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்த: லேப்டாப்பில் டிபி சிமுலேஷன்

2004 ஆகஸ்டில், வட துருவத்திலிருந்து சுமார் 250 கி.மீ. தள்ளி, லோமனோசோவ் மலைத்தொடருக்கு மேலே நின்று விடார் வைகிங் கப்பல் கடலடியைத் துளையிட்டது. ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல். சுற்றிலும் நகரும் பனிப்பாளங்கள். சோவியத்ஸ்கி சோயுஸ், ஓடன் என்ற இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் பாளங்களை முன்கூட்டியே நொறுக்கிக் கொடுத்தன. நங்கூரம் இல்லாமல், த்ரஸ்டர் என்னும் உந்திகளைக் கணினியால் இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் முறைதான் டிபி (டைனமிக் பொசிஷனிங்). இத்தனை காவல் ஏன் தேவைப்பட்டது என்பது அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

1. பைத்தான் போதும். கப்பல் கட்டுப்பாட்டுத் துறைப் பேராசிரியர் தோர் ஃபோசென் இலவசமாகத் தந்திருக்கும் பைத்தான் சிமுலேட்டரில் ஒரு சப்ளை கப்பல் டிபி-யோடு தயாராக இருக்கிறது. கட்டங்களை இணைத்து மாதிரி செய்யும் சிமுலிங்க் மென்பொருளை முதல் முயற்சிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த விசை எந்தச் சமன்பாட்டில் சேர்கிறது என்பதை நீங்களே வரிவரியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

2. பனி இல்லாமல், காற்றும் நீரோட்டமும் மட்டும் கொடுத்து முதலில் கப்பலை நிற்க வையுங்கள்.

3. அப்புறம் பனி விசை. வெறும் இரைச்சலைச் சேர்த்தால் போதாது. பாளம் மோதும்போது விசை ஏறிக்கொண்டே போகும், பாளம் உடைந்ததும் சட்டென்று விழும். ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு. பக்கவாட்டில் மோதினால் அதே பாளத்தின் விசையைப் பல மடங்காக்குங்கள்.

4. என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இது. காற்றை அளக்கக் கருவி இருக்கிறது, பனி விசைக்கு இல்லை. எதனால் வந்தது என்று தெரியாத எல்லா விசையையும், அளவீடுகளிலிருந்து கப்பலின் நிலையை மதிப்பிடும் கால்மன் ஃபில்டர் 'நீரோட்டம்' என்ற கணக்கில் போட்டுவிடும், அது மெதுவாகத்தான் மாறும் என்றும் நம்பும். பாளம் தள்ளும்போது த்ரஸ்டர் தாமதமாக விழிக்கும். பாளம் உடைந்த பிறகும் பழைய கணக்கை நம்பிக் கப்பலை எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால் அந்த மதிப்பீடு வேகமாக மாற அனுமதியுங்கள்: அதன் இரைச்சல் அளவை (அது எவ்வளவு மாறலாம் என்ற அனுமதியை) உயர்த்தி, கால மாறிலியை (பழைய மதிப்பு மறைய எடுக்கும் நேரத்தை) குறையுங்கள். அடர்ந்த பனிக்குள் அலை அடங்கிவிடும், ஆகவே அலையாட்டத்தை வடிகட்டும்போது தாமதத்தைக் கூட்டும் அலை ஃபில்டரையும் அணைத்துவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் த்ரஸ்டர் கட்டளையை வரைந்து பாருங்கள். ஜிபிஎஸ் இரைச்சலுக்கெல்லாம் அது துடித்தால் அளவு மீறிவிட்டது.

5. அணியம் (கப்பலின் முன்முனை) எப்போதும் பனி வரும் திசையைப் பார்க்க வேண்டும். துருவத்துக்கு அருகே பனியின் ஓட்டம் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலக்கூடும். திசை மாறும் சமயத்தில் வேகம் மிகக் குறைந்தால் திசைக் கணக்கு தாறுமாறாகும். அப்போது பழைய திசையையே பிடித்து வைத்து, வேகம் திரும்பியதும் மெதுவாகத் திருப்புங்கள்.

பின்சேர்க்கை: "எவ்வளவு பனி கொடுத்தாலும் கப்பல் நகரவே மாட்டேன் என்கிறதே" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். த்ரஸ்டருக்கு உச்சவரம்பு வைக்காததுதான் காரணம். வரம்பு வைத்ததும் பெரிய பாளம் கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும். அதுதான் சரியான விடை. பிறகு பாளத்தின் அளவைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள், பனியுடைப்புக் கப்பல் செய்யும் உதவி வரைபடத்திலேயே தெரியும்.

இன்னொருவர் திசைகாட்டி பற்றிக் கேட்டார். துருவத்தை நெருங்க நெருங்க, பூமியின் சுழற்சியைக் கொண்டு வடக்கைக் காட்டும் கைரோ திசைகாட்டியின் துல்லியம் குறையும்.  திசை அளவீட்டிலும் கொஞ்சம் பிழை சேர்த்து ஓட்டுங்கள்.