பழைய கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிளம்ப மறுக்கும்போது, புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் கை வைக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குப் பதறும். தொடக்கத்தில் நான் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள். பிளக் செருகியிருக்கிறதா, மானிட்டர் ஆனில் இருக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை யாரும் பார்த்துவிடுவார்கள். பொருளையோ டேட்டாவையோ காவு வாங்கும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) நன்றாக இருக்கிறது என்று நம்புவது

ஃபேன் சுற்றக் கொஞ்சம் கரண்ட் போதும். பிராசஸரும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து இழுக்கும்போதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் வண்டவாளம் தெரியும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்துப் பார்க்கும் சோதனையும் அது விழித்துக்கொள்கிறது என்பதை மட்டுமே காட்டும். மெஷின் ஓடும்போது 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரை நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பாருங்கள். அப்போது பிராசஸருக்குத் தனியாக வரும் 4 பின் கனெக்டரை மறந்துவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது.

பின்பக்கச் சிவப்பு வோல்டேஜ் சுவிட்ச்

தொடாதீர்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115 பக்கம் தள்ளினால் எஸ்எம்பிஎஸ் அங்கேயே போய்விடும்.

விண்டோஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். சில மாதங்கள் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்கள். விண்டோஸ் லோகோ வருகிறது, கண்ணிமைக்கும் நேரம் நீலத்திரை தெரிகிறது, உடனே ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடியும் லோகோ, மறுபடியும் ரீஸ்டார்ட். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்று பென்டிரைவை எடுத்துவிடுகிறார்கள்.

பல நேரங்களில் விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். மெயின் பவரும் இல்லாமல் அதுவும் செத்துப்போனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) தன் அமைப்புகளை மறந்து, கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். அதில் சாட்டா மோடும் அடக்கம்; ஹார்ட் டிஸ்குடன் மதர்போர்டு பேசும் முறை அது, ஐடிஇ, ஏஹெச்சிஐ என்பவை அதன் வகைகள். ஏஹெச்சிஐயில் இன்ஸ்டால் செய்த விண்டோஸ் 7-ஐ, ஐடிஇக்கு மாறிவிட்ட பயாஸில் கிளப்பினால், அதற்கு டிஸ்க்கைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிடும். திரையில் வரும் பிழை எண் 7பி என்று முடியும். ஆன் செய்ததும் எஃப்8 தட்டி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினால் அதை நிதானமாகப் படிக்கலாம்.

உறவினர் ஒருவரின் கம்ப்யூட்டர் இப்படி என்னிடம் வந்தது. எனக்கு முன்பே ஒருவர் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார். குழந்தைகளின் படங்களை மீட்டுத் தர முடியுமா என்றுதான் கேட்டார்கள். பயாஸுக்குள் போனால் தேதி 2009 ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது ஒன்று சொச்சத்தில் நின்றது. மீட்பு மென்பொருளை ஓட்டியதில் கொஞ்சம் படங்கள் வந்தன, கோப்பின் பெயர்கள் இல்லாமல். பலவற்றில் மேல்பாதியில் முகம், கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். புது விண்டோஸ் அவற்றின் மேலேயே எழுதிவிட்டது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. இதில் கொடுமை என்னவென்றால், ஃபார்மட் "வேலை செய்துவிடும்". புது விண்டோஸ் அப்போதிருக்கும் ஐடிஇ மோடிலேயே சமர்த்தாக ஏறிக்கொள்ளும். செய்தவருக்குத் தன் கணிப்பு சரி என்றே தோன்றும், அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம்தான்.

ஆகவே முதல் வேலையாக பயாஸில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் தெரிந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் குறி மேலே தெரியும்படி புது பேட்டரியைப் போடுங்கள். அப்புறம் சாட்டா மோடில் இப்போது என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் மற்றதை வைத்து சேவ் செய்து கிளப்பிப் பாருங்கள். ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டுக்கும் இடையே மாற்றுவதால் டிஸ்கில் இருப்பது அழியாது. பொருந்தவில்லை என்றால் பழையபடி வைத்துவிடலாம். முன்பு ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை) இருந்த மெஷின் என்றால் மோடை மட்டும் ரெய்டுக்குத் திருப்புங்கள், புதிதாக ரெய்டு உருவாக்கும் மெனு பக்கமே போகாதீர்கள். சற்றுப் பிந்தைய மெஷின்களில் இதே குழப்பம் யுஇஎஃப்ஐ, லெகசி என்ற புதிய, பழைய பூட் முறைகளின் வேடத்தில் வரும்: பயாஸ் பட்டியலில் ஹார்ட் டிஸ்க் தெரியும், ஆனால் பூட் டிவைஸ் இல்லை என்று சொல்லும்.

டக் டக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டுவது

முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர். சாகக் கிடக்கும் டிஸ்கின் ஒவ்வொரு செக்டாரையும் படிக்கச் சொன்னால் மிச்ச உயிரும் போய்விடும். பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு நகலெடுங்கள். தானாகவே நின்று நின்று ஓடுகிறது என்றால் அதையும் முயலாமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

பீப் சத்தத்துக்குக் கண்ட பட்டியலைப் பார்ப்பது

ஆன் செய்ததும் பழுதைச் சொல்ல வரும் பீப்புக்கு ஏஎம்ஐ, அவார்டு, ஃபீனிக்ஸ் என்ற மூன்று பயாஸிலும் அர்த்தம் வேறு வேறு. உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். கேபினட்டில் ஸ்பீக்கரே இல்லாவிட்டால் எந்த பீப்பும் வராது, அதையும் கவனியுங்கள்.

ஒரே நேரத்தில் ராம், எஸ்எம்பிஎஸ் இரண்டையும் மாற்றுவது

வேண்டாம். எது பழுது என்று தெரியாமலே போய்விடும்.

எடுத்த எடுப்பில் சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்வது

டிஸ்பிளேயே வராத மெஷினில் இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. டிஸ்பிளே வருகிறது என்றால், செத்த பேட்டரி செய்யும் அதே காரியத்தை நீங்களே கையால் செய்கிறீர்கள். அதற்காக மதர்போர்டில் இருக்கும் ஜம்பரைத் தொடும் முன் பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சாட்டா மோடு இருக்கும் பக்கம் அதில் கட்டாயம் இருக்கட்டும்.